அழாத அக்கா

தையல்நாயகியின் அக்கா இருபத்தெட்டு நாளில் ஒருமுறைகூட அழவில்லை. மங்கையர்க்கரசிக்கு உறுத்தியது அதுதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஆஸ்பத்திரிக் கணினிக்குள் இருப்பவள். புதுப் புற்றுநோய் மருந்து ஒன்றை மனிதர்களிடம் சோதிப்பதென்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நகல் செய்தாக வேண்டும் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. ஆளின் ரத்தம், ஸ்கேன், மரபணு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவரைப் போலவே ஓர் உடம்பைக் கணக்கால் கட்டுவார்கள். ஆளுக்குப் போடப்போகும் ஊசியை இரண்டு வாரம் முன்னதாக அந்த நகலுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நகல் தாங்கினால்தான் ஆளுக்கு. காகிதத்தில் அதற்கு 'முன்செல் மாதிரி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களே அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். திருச்சி வார்டில் பெண்கள் அதை அக்கா ஆக்கிவிட்டார்கள். ஆண்களுக்கு அது அண்ணன். நமக்கு முன்னால் கஷ்டத்தில் இறங்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நகலும் நோயாளியைப் போலவே தினமும் டைரி எழுதும். வலி, தூக்கம், விரல் மரத்துப்போதல் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். கடைசியில் ஒரு வரி. அந்த டைரி நோயாளியின் கைபேசிக்கும் வரும். 'என் நகலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?' என்று சண்டை போட்டு அந்த வசதியை வாங்கிக் கொடுத்ததே மங்கையர்க்கரசிதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் அந்தச் சோதனையின் நோயாளிப் பிரதிநிதி. கண்காணிப்புக் குழுவில் மருத்துவர்கள் நோயைப் பார்ப்பார்கள், கம்பெனிக்காரர்கள் தேதியைப் பார்ப்பார்கள். நோயாளியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று போட்டு வைத்த நாற்காலி அவளுடையது. ஐம்பத்தெட்டு வயது. அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே புற்றுநோய் வந்து, இதே மருந்தின் முதல் வடிவத்தைச் சோதனையில் வாங்கிப் பிழைத்தவள். அவள் கையெழுத்து இல்லாமல் மருந்தின் அளவைக் கூட்ட முடியாது. அந்தக் கையெழுத்து அன்று மதியம் மூன்று மணிக்குத் தேவைப்பட்டது.

காலை பத்து மணிக்கு கேன்டீனில் உட்கார்ந்து முப்பத்தாறு நகல்களின் டைரியையும் மறுபடி புரட்டினாள். பதினைந்து அண்ணன்கள். ஆறு, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஏழு, உள்ளங்கால் எரிகிறது. எட்டு, போதும். ஆண்களுக்கு மருந்தைக் கூட்டுவதில்லை என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. இருபத்தொரு அக்காக்கள். இரண்டு, பரவாயில்லை. இரண்டு, பரவாயில்லை. கூட்டிய அளவு போட்ட பிறகும் இரண்டு, பரவாயில்லை. 'பெண்கள் நன்றாகத் தாங்குகிறார்கள், எனவே கூட்டலாம்' என்று குழுவின் குறிப்பு சொன்னது.

"தாங்குறாளுகளாம்ல" என்று அவள் தனக்குள் முனகியபடி எழுந்தாள். காபி பாதியில் இருந்தது. உட்கார முடியவில்லை.

பகல்நேர வார்டை நோக்கி வேகமாக நடந்தவளைப் பின்னாலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். "டீச்சர், செருப்பு!" இடது செருப்பு லிஃப்ட் வாசலிலேயே கழன்று கிடந்தது. முப்பது அடி தாண்டி வந்திருக்கிறாள். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இது நடக்கும். டீச்சருக்கு எப்பவும் ஞாபகம் வேறெங்கோ என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அவளும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் தையல்நாயகி. முப்பத்தெட்டு வயது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். துணியால் மூடிய தலை, மூடாத வாய்.

"வாங்க டீச்சர். போன் சார்ஜ் ஏற மாட்டேங்குதுன்னீங்களே, குடுங்க பாப்போம். டூல்ஸ் கொண்டாந்திருக்கேன்."

"இங்க எதுக்குடி? ஊசி போட்ட கையி."

"சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிக்குது. குடுங்க."

கைபேசியை மடியில் கவிழ்த்து, திருகியை வைத்து நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். எள்ளைவிடச் சிறியவை. நான்காவதைக் காணோம். மடியை உதறினாள், போர்வையைத் தடவினாள், குனிந்து தரையைப் பார்த்தாள். "எங்க போய்த் தொலைஞ்சுது சனியன்" என்று தேடிக்கொண்டே இருந்தாள். மங்கையர்க்கரசிதான் முதலில் பார்த்தாள். திருகாணி தையலின் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தி நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு சொட்டு ரத்தம் திரண்டு, மணிக்கட்டு வரை கோடு இழுத்திருந்தது.

"தையலு. உன் விரல்ல."

தையல் பார்த்தாள். சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வலித்ததால் இல்லை, மாட்டிக்கொண்டதால்.

"டைரில எவ்வளவு போட்டே?"

"ரெண்டு."

"ரெண்டா? விரல்ல ஆணி ஏறியிருக்கு, தெரியல உனக்கு!"

"மெல்லப் பேசுங்க டீச்சர்." தையல் சுற்றும் பார்த்தாள். "அக்காவும் ரெண்டுன்னுதானே போட்டிருக்கா? எனக்கு முன்னாடியே வாங்கிக்கிட்டவ, அவளே ரெண்டுங்கிறா. நான் போயி ஏழுன்னா நல்லாவா இருக்கும்? செல்லம் கொஞ்சுறேன்னு நெனப்பாங்க. முதல் நாள் நீங்க என்ன சொன்னீங்க? பல்லைக் கடிச்சுக்குங்க, கொஞ்ச நாள்தான், இதோ நான் நிக்கிறேன்ல, அப்படின்னீங்கள்ல?"

சொன்னாள்தான். ஒவ்வொரு சோதனையின் முதல் நாளும் சொல்வாள். பழைய நோயாளி அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிச் சொல்வாள். கைதட்டுவார்கள்.

"தையலு, நான் இதை டாக்டர்கிட்ட சொல்லியாகணும்."

"வேணாம்." அவள் குரல் மாறியது. "நாளைக்கு நாலாவது ஊசி. எனக்குக் கட்டி சுருங்க ஆரம்பிச்சிருக்கு, ஸ்கேன்ல பாத்தேன். எம் புள்ள அபி இப்பத்தான் பத்தாவது. விரல் போனா போகட்டும் டீச்சர், நான் டீக்கடை வெச்சுப் பொழைச்சுக்குறேன். நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க."

மங்கையர்க்கரசி திருகாணியைப் பிடுங்கி வைத்தாள். பஞ்சு எடுத்து அந்த விரலைத் துடைத்தாள். தையல் அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் திருத்தாமல் வெளியே வந்தாள்.

நகல்களைக் கட்டுகிற ஜெரால்டு மூன்றாவது மாடியில் இருந்தான். முப்பது வயதுப் பையன். நாற்காலியைச் சுழற்றாமல் பேச வராது.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். ஆம்பளை நகலெல்லாம் ஐயோ அம்மாங்குது. பொம்பளை நகல் மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்குது?"

"உடம்பு அவங்கவங்க உடம்புதான் டீச்சர். ரத்தம், கல்லீரல், கட்டி எல்லாம் அச்சு அசலா வந்துரும். ஆனா எவ்வளவு வலிச்சா எவ்வளவுன்னு சொல்லுவாங்கங்கிறது ரத்தத்துல இல்லியே. இந்த மருந்து தொடுறது ரொம்ப மெல்லிய நரம்பு. நரம்பு டெஸ்ட்லகூட தெரியாது. ஆள் வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

"அப்ப நகல் எங்க இருந்து கத்துக்குது?"

"பழைய சோதனைல இருந்து. இந்த மருந்தோட முதல் வடிவத்தை ஆம்பளைங்க நாப்பது பேர், பொம்பளைங்க பத்தொன்பது பேர் வாங்கினாங்க. அவங்க டைரியைத்தான் மெஷினுக்குப் படிக்கக் குடுத்தோம்." நாற்காலி ஒரு சுற்று வந்தது. "பொம்பளைங்க டைரி பூரா ஓட்டை டீச்சர். பாதி நாள் காலியா கெடக்கும். நல்லவேளை, ஒரே ஒருத்தங்க மட்டும் நூத்தியெண்பத்திரண்டு நாளும், ஒரு நாள் விடாம எழுதியிருக்காங்க. அதோட அவங்க பொழைச்சும் இருக்காங்க. மெஷின் அவங்களைத்தான் ரொம்ப நம்புது. சொல்லப்போனா எல்லா அக்காவும் முக்கால்வாசி அவங்கதான். நாங்க அவங்களைத் தங்கம்னுதான் சொல்லுவோம்."

"யாரு அவங்க?"

"பேரு இருக்காது டீச்சர், நம்பர்தான். பதினேழு."

மங்கையர்க்கரசியின் முகத்தில் ஈயாடவில்லை. மடியில் கிடந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று இருந்தது. அதில் அவள் புகைப்படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அந்த எண் அச்சிட்டிருந்தது.

"தண்ணி வேணுமா டீச்சர்?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து முதலில் வருவது எப்போதும் அந்தச் சொல்தான்.

மணி பதினொன்றரை. மாடி நடையின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தாள். எங்கேயாவது போய்ச் சேர வேண்டும்போல இருந்தது. போய்ச் சேர இடம் இல்லை.

அந்த டைரியை அவள் எப்படி எழுதினாள் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். பாடக் குறிப்பேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் என்ன நடத்தினோம் என்று அன்றன்றே எழுத வேண்டும். யார் எழுதுகிறார்கள்? இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒரு மாதத்தை ஒரே மூச்சில் நிரப்புவார்கள். இடைவெளி இல்லாமல் இருந்தால் அதிகாரி சிவப்பு மையில் 'நன்று' போட்டுவிட்டுப் போவார். இருபத்திரண்டு வருடம் அப்படி 'நன்று' வாங்கிய கை அவளுடையது. ஆஸ்பத்திரியில் டேப்லெட்டைக் கொடுத்துத் தினமும் எழுதச் சொன்னபோது அந்தக் கை தன் வழக்கத்தையே செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், போன வாரத்து ஏழு நாளையும் சேர்த்து, இரண்டு இரண்டு என்று தட்டிவிடுவாள்.

இரண்டு என்பதிலும் கணக்கு இருந்தது. பூஜ்யம் போட்டால் நம்பமாட்டார்கள். நாலுக்கு மேல் போனால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். இரண்டுதான் மரியாதையான எண்.

உண்மையில் என்ன நடந்தது? வைகாசி வெயிலில் செருப்பில்லாமல் பள்ளி மைதானத்தில் முழுப் பீரியடும் நின்றாள். உள்ளங்கால் கொப்பளித்ததை மாலையில் கணக்கு டீச்சர்தான் பார்த்துக் கத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கணவருக்குக் கேட்காமல் அழுதாள். அந்த அழுகை எந்த டைரியிலும் இல்லை. டைரியில் இல்லாததால் இருபத்தொரு அக்காக்களுக்கும் இல்லை. அக்கா அழாததால் தங்கச்சிகளும் அழக்கூடாது என்று ஆகிவிட்டது. தான் பொய் சொன்னோம் என்பதைவிட, அந்தப் பொய் பன்னிரண்டு வருடம் கழித்து ஒருத்தியின் விரலில் ஆணியாக ஏறியதுதான் தாங்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தையலுக்கு ஊசி உண்டு. அவள் கேட்டதும் அதைத்தான். சொன்னால் எல்லாம் நிற்கும். அக்காக்களை மறுபடி கட்ட எத்தனை நாள் ஆகுமோ. அதற்குள் தையலின் கட்டி சும்மா இருக்குமா? சும்மா இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று சோதனையை நடத்துகிற டாக்டர் ருக்சானாவைப் பிடித்தாள். நாலாம் நம்பர் கட்டிலில் இருக்கும் தையலின் விரலை ஒருமுறை தொட்டுப் பாருங்கள் என்றாள். டாக்டர் போனார். மங்கையர்க்கரசி கதவுக்கு வெளியே நின்றாள்.

"எப்படிம்மா இருக்கீங்க? கையில என்ன கட்டு?"

"ஸ்க்ரூடிரைவர் பட்டுருச்சு டாக்டர். நல்லா இருக்கேன் டாக்டர்."

"விரல் மரத்துப்போகுதா?"

"லேசா. பரவால்ல டாக்டர்."

டாக்டர் என்ற சொல்லை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓர் அர்ச்சனைப் பூ மாதிரி வைத்துப் பேசினாள் தையல். வெளியே வந்த ருக்சானா உதட்டைப் பிதுக்கினார். "அவங்க நல்லா இருக்கேன்னு சொல்றாங்க டீச்சர். நான் என்ன எழுதட்டும்?"

மூன்று மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவர். பெண்கள் மருந்தை அருமையாகத் தாங்குவதாக ஆரம்பித்தார். கையெழுத்துத் தாள் சுற்றி வந்து மங்கையர்க்கரசியின் முன் நின்றது.

"போட மாட்டேன்" என்றாள்.

"காரணம் எழுதணும் டீச்சர்."

"எழுதுறேன். அதுக்கு முன்னாடி சொல்லிடுறேன்." அவள் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஜெரால்டு எட்டிப் பார்த்தான். அவன் நாற்காலி நின்றது. "பதினேழாம் நம்பர் நான்தான். அந்த டைரி பூராவும் பொய்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மைதானம், சுவர், குழாய். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, உடைந்தாலும் நிறுத்தவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "டீச்சர், உங்க மனசு புரியுது. ஆனா பன்னிரண்டு வருஷம் கழிச்சு ஞாபகத்துல இருந்து சொல்றதை நாங்க தரவா எடுத்துக்க முடியாது. அன்னிக்கே எழுதின டைரி தரவு. இன்னிக்குச் சொல்றது அபிப்பிராயம்."

"அன்னிக்கு எழுதின பொய்க்கு மதிப்பு, இன்னிக்குச் சொல்ற உண்மைக்கு இல்லியா சார்?"

"விதி அப்படி. அதுவுமில்லாம, இப்ப நிறுத்தினா இந்தப் பெண்கள்ல எத்தனை பேரால காத்திருக்க முடியும்? அதை யோசிச்சீங்களா?"

யோசிக்காமல் வந்தவளா அவள்? தையலின் குரல்தான் காதில் கேட்டது. நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க. ஒரு நிமிடம் தாளைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். பிறகு ஜெரால்டு பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நான் எழுதினது டேப்லெட்ல. எண்ணை எப்பத் தட்டினேன்னு அதுல இருக்குமா?"

"இருக்கும் டீச்சர். அந்த நேரத்தை யாரும் பாக்கல... நாள் சரியா இருந்துச்சு, அதனால..."

"இப்பப் பாரு. ஞாயித்துக்கிழமை பாரு."

ஜெரால்டு தட்டினான். சுவர்த் திரையில் வரிசை விழுந்தது. ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு ஏழு பதிவுகள். அடுத்த ஞாயிறு ஒன்பது பன்னிரண்டுக்கு ஏழு. அடுத்த ஞாயிறு ஏழு. இருபத்தாறு ஞாயிறுகள், ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்துக்குள். தங்கம் என்று சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மரத்துப்போறது விரலோட நிக்காது" என்று ருக்சானா மெல்லச் சொன்னார். "இதே மாதிரி மெல்லிய நரம்புதான் இதயத்துக்கும் குடலுக்கும் போகுது. பொம்பளைங்களுக்கு நாளைக்குக் கூட்டியிருந்தோம்னா..." மேலே சொல்லாமல் தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

இருபத்தொரு பேருக்கும் மறுநாள் ஊசி நிறுத்தப்பட்டது. பதினேழை எடுத்துவிட்டு, ஓட்டை டைரிகளை ஓட்டையோடே படித்து, அக்காக்களை மறுபடி கட்ட இரண்டு வாரம் கேட்டான் ஜெரால்டு. சோதனையில் பொய்த் தரவு கொடுத்தவர் என்பதால் மங்கையர்க்கரசி மேல் விசாரணை. அது முடியும்வரை நாற்காலியில் உட்காரக் கூடாது. குறிப்பேட்டில் அதை எழுதும்போது தலைவருக்கே சங்கடமாக இருந்தது. அவளே வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் தையல் போன் செய்தாள். "நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்க டீச்சர். உங்களுக்கு வேலை முடிஞ்சுது, பொழைச்சுட்டீங்க." அவ்வளவுதான் பேசினாள். மங்கையர்க்கரசி திரும்ப நாலு தடவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

அந்த இரண்டு வாரமும் அவள் இருந்த இடத்தில் இருக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவாள். மாடிக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்குவாள். தையலின் கட்டி இந்நேரம் வளர்கிறதா, சுருங்குகிறதா? செய்தது சரி என்று நூறு பேர் சொன்னாலும் அந்த ஒரு ஸ்கேன் வரும்வரை அவளுக்கு நிம்மதி இல்லை. வந்தாலும் இருக்குமா என்று தெரியாது.

பதினைந்தாம் நாள் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். வாட்ச்மேன் எழுந்து நின்றார். பிரதிநிதி அட்டை இல்லாததைக் கவனித்தும் கவனிக்காதவர்போல விட்டார். அதே ஜன்னலோரக் கட்டில். தையல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். தையல் கைபேசியை நீட்டினாள்.

"புது அக்கா வந்துட்டா. படிங்க."

மங்கையர்க்கரசி படித்தாள். முதல் நாள் ஐந்து. நான்காம் நாள் ஏழு, தம்ளர் பிடிக்க முடியவில்லை. ஆறாம் நாள் எட்டு, அழுதேன். ஒன்பதாம் நாள் எட்டு, எழுந்தால் தலை சுற்றுகிறது, இந்த அளவு வேண்டாம். குறைத்துக் கொடுங்கள்.

"வேணாம்னு சொல்லிட்டா டீச்சர்" என்றாள் தையல். குரல் அடங்கியிருந்தது. "டாக்டர்கிட்ட போயி வேணாம்னு சொல்லியிருக்கா. அப்படிச் சொல்லலாமா? நான் பொறந்ததுல இருந்து ஒரு டாக்டர்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல."

"சொல்லலாம்."

"அப்ப நானும் அழலாம்ல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முந்தானையை வாயில் வைக்காமல், முகத்தை மூடாமல், வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பக்கத்துக் கட்டில் பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மங்கையர்க்கரசி பக்கத்தில் உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை ஓய நேரம் ஆயிற்று.

"இன்னிக்குப் பாதி அளவு போடப்போறாங்களாம். வேலை செய்யுமான்னு கேட்டேன். தெரியாதும்மா, பாப்போம்னாங்க டாக்டர்." தையல் மூக்கை உறிஞ்சினாள். "தெரியாதுன்னு சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. ஆமா, அந்தப் பழைய அக்கா யாரு டீச்சர்? ரெண்டு ரெண்டுன்னு போட்டாளே, கல்லுளிமங்கி. யாரோ பழைய பேஷன்ட்டுங்கிறாங்க."

"நான்தான்."

தையல் அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று மங்கையர்க்கரசி காத்திருந்தாள். வரத்தான் செய்தது, முகத்தில் ஏறி, உதட்டில் நின்று, எதுவும் சொல்லாமல் இறங்கியது.

"நெசமா எவ்வளவு?"

"ஒன்பது." பன்னிரண்டு வருடத்தில் அந்த எண்ணை அவள் முதன்முதலாக ஒரு மனுஷியிடம் சொன்னாள். "சில நாளு பத்து."

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்..." என்று ஆரம்பித்தாள்.

தையல் குனிந்து தரையைப் பார்த்தாள். மங்கையர்க்கரசியும் பார்த்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் காலாக சிமென்ட் தரையில் இருந்தது. செருப்பு வார்டு வாசலில் கிடந்தது.

"எத்தனை வருஷமா டீச்சர் இப்படி?"

"அப்ப இருந்தே. கணுக்காலுக்குக் கீழ எதுவும் தெரியாது."

"எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா? எங்கயாவது எழுதினீங்களா?"

மங்கையர்க்கரசி இல்லையென்று தலையாட்டினாள். தையல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சற்றுமுன் அழுத அதே குரலில் வார்டின் கோடிக்குக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர்! இங்க ஒரு டைரி கொண்டாங்க. எனக்கில்ல, டீச்சருக்கு."

நர்ஸ் டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மங்கையர்க்கரசி பதினேழு என்று தட்டித் தன் பழைய டைரியைத் திறந்தாள். விட்டுப்போன நாட்கள் எல்லாம் காலிக் கட்டங்களாக மேலே மேலே ஏறிப் போயின; பன்னிரண்டு வருடத்துக் கட்டங்கள். கை ஒருமுறை அவற்றின் பக்கம் போய் வந்தது. அன்று புதன்கிழமை. புதன்கிழமைக்கு மட்டும் எழுதினாள்.